நாற்பது நாள் என்று சொன்ன வீடியோ

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது ஒன்பது, வளர்த்தது ஏழு. இரண்டு பேர் கைக்குழந்தையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார்கள். மற்ற ஏழு பேரையும் வளர்த்தது நான் ஒருத்திதான். அவர்களுடைய வாப்பா வயலுக்கும் மீன் வாடிக்குமாக அலைந்த மனுசன். ஏழு பேரும் ஒரு வயதில் நடந்தார்கள், ஒன்றரை வயதில் கதைத்தார்கள். அவர்களைக் கதைக்க வைக்க நான் பாடுபட்டதில்லை, வாயை மூட வைக்கத்தான் பாடுபட்டேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அக்கம் பக்கத்தில் ஒரு பிள்ளை பால் குடிக்காவிட்டாலும், வயிறு ஊதினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை விசயத்தில் எனக்கே பயம் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இப்போது நான் இருப்பது கடைசி மகளின் வீட்டில். மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், மருமகன் கட்டாரில். அவர்களுக்கு ஒரே ஒரு மகன். பிரசவ லீவு முடிந்து மகள் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அவன் என் கையில்தான் வளர்ந்தான். காலை ஏழு மணி தொடக்கம் பகல் இரண்டரை மட்டும் வீட்டில் அவனும் நானும்தான். இது நடந்தபோது அவனுக்கு நாலரை வயது.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வாசலில் கிடக்கிற செருப்புகளை வரிசையாக அடுக்குவான். அதில் ஒன்றை யாராவது போட்டுக்கொண்டு போய்விட்டால் தலையைச் சுவரில் மோதுவான். சந்தோசம் வந்தால் கோழிக்குஞ்சு செட்டை அடிப்பதுபோல இரண்டு கையையும் அடிப்பான். உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஆடுவான். ஒரு சொல் கதைக்க மாட்டான். ஆனால் மெட்டு முணுமுணுப்பான். எங்கள் ரோட்டில் காலையில் பாண் விற்கிற ஓட்டோ ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு வரும். பாண் வேண்டுமென்றால் அந்த மெட்டை முணுமுணுப்பான். அவன் கேட்கிற விதம் அது. அவனுடைய சாப்பாடு பாணும் மாட்டுப்பாலும் தயிரும்தான். வேறு எதுவும் அவன் வாய்க்குள் போகாது. சோற்றைக் கண்டால் ஓங்காளிப்பான்.

மூன்று வயதிலேயே டொக்டரிடம் காட்டுவோம் என்று மகள் சொன்னாள். நான் விடவில்லை.

"உன்ட சின்னக் காக்காவும் மூணு வயசு மட்டும் வாய் திறக்கல்ல. இப்ப அவன்ட வாய மூட ஏலுமா?" என்றேன்.

அது பொய். அவளுடைய சின்னக் காக்கா, என் கடைசி ஆண்பிள்ளை, பத்து மாதத்தில் "உம்மா" என்றவன். மகளின் முகத்தைப் பார்க்க ஏலாமல் சொன்ன பொய். அதை நம்பி அவள் ஒரு வருசத்துக்கு மேல் சும்மா இருந்தாள். பிறகு பொறுக்க மாட்டாமல், ஒரு நாள் லீவு போட்டு, என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

பகல் திரும்பி வந்தவள் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். புருசனுக்குப் போன் எடுத்தாள். நான் கதவோடு ஒட்டி நின்றேன்.

"ஆட்டிசம் எண்டு சொல்றாங்க," என்றாள். மருமகன் ஏதோ திருப்பிக் கேட்டிருப்பார். "ஓம், ஆட்டிசம்தான். இல்ல, அதுக்கு மருந்து இல்லயாம்." அதன் பிறகு அழுகைச் சத்தம்தான் கேட்டது.

என் காதில் அது ஆட்டு இசிம் என்று விழுந்தது.

இசிம் என்றால் எங்கள் ஊர்களில் தெரியும். மந்திர எழுத்து. தகட்டில் எழுதுவார்கள், பீங்கானில் எழுதிக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். நல்லதுக்கும் எழுதுவார்கள், பொறாமை பிடித்தவர்கள் கெட்டதுக்கும் எழுதுவிப்பார்கள் என்று பேச்சு. பிள்ளையோ ஓயாமல் ஆடுகிற பிள்ளை. அப்படியென்றால் அவனை ஆட்டுகிற இசிம் ஒன்றை யாரோ வைத்திருக்கிறார்கள். மருந்து இல்லை என்றதும் எனக்கு உறுதியாகிவிட்டது. இசிமுக்கு டொக்டரிடம் எங்கே மருந்து இருக்கும்? கையில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன். அவனுக்கு இறுக்கிப் பிடித்தால் பிடிக்காது. கத்தினான். உள்ளே இருக்கிற ஜின் கத்துகிறது என்று நினைத்தேன். நான் வளர்த்த பிள்ளையைப் பார்த்தே எனக்குப் பயம் வந்தது. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

யார் வைத்தது என்று யோசித்தேன். என் மதினி மீது சந்தேகம் விழுந்தது. பெருநாளுக்கு வந்தவள், "என்ன வடிவான கண்ணுகா இவனுக்கு" என்று சொல்லிவிட்டு, கண்ணூறு படாமல் இருக்கச் சொல்கிற மாஷா அல்லாஹ்வைச் சொல்லாமல் போனவள். மகள் பள்ளிக்கூடம் போனதும் மெத்தையைப் புரட்டினேன், கூரை முகட்டைத் தடியால் தட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மாதுளை மரத்தடியைக் கிண்டினேன். மண்ணுக்குள் ஒரு தகடு இருந்தது. வட்டத் தகடு, கறள் பிடித்தது, அதில் ஏதோ எழுத்தும் இருந்தது. கையால் தொடாமல் ஒரு சீலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, ஓதிப் பார்க்கிற லெவ்வையிடம் போனேன்.

லெவ்வை பிஸ்மி சொல்லி அவிழ்த்தார். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெற்றிலைத் துப்பலை அடக்கிக்கொண்டு சிரித்தார்.

"இது டின் மீனுட மூடி உம்மா," என்றார்.

"வடிவாப் பாருங்க. எழுத்து இரிக்கி."

"ஓம், இரிக்கி. எந்த மாதம் மட்டும் தின்னலாம் எண்டு அடிச்சிரிக்கி." பிறகு பிள்ளையைப் பார்த்தார். அவன் லெவ்வையின் வாசலில் கிடந்த செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "யாரு சொன்ன இசிம் எண்டு?"

மகள் போனில் கதைத்ததைச் சொன்னேன். லெவ்வையின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆட்டிசம் எண்டது இங்கிலீசுச் சொல்லு. என்ட தங்கச்சிட மகனுக்கும் இரிக்கி. இசிமும் இல்ல கிசிமும் இல்ல. மகள்ட்டக் கேளுங்க, அவ டொக்டர்ட்டக் கேட்டவதானே."

மகளிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் நான் கதவில் காது வைத்தது தெரியவரும். மதினியைச் சந்தேகப்பட்டது, டின் மூடியைக் கொண்டு லெவ்வையிடம் போனது எல்லாம் வெளியே வரும். ஏழு வளர்த்தவள் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் மகளின் வாயைப் பார்த்து நிற்பதா? நான் கேட்கவில்லை. போனிடம் கேட்டேன்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஓதப் பள்ளியில் அறபு எழுத்துப் படித்தேன். தமிழ் எழுத்து, பிள்ளைகள் வீட்டில் படிக்கும்போது பக்கத்திலிருந்து பொறுக்கியது. ஆனால் போனில் ஒரு இடத்தை அமத்திக்கொண்டு வாயால் சொன்னால் அது தேடித் தரும். ஓதல் கேட்பதற்காக மருமகன் பழக்கித் தந்திருந்தார். காலை எட்டு மணி இருக்கும். பிள்ளை கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தான். நான் அமத்திக்கொண்டு சொன்னேன்: "ஆட்டிசம்."

வீடியோக்கள் வரிசையாக வந்து நின்றன. முதலில் வந்தது ஒரு பெண்பிள்ளை. மேசையில் நாலைந்து படங்களை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கதைத்தாள். இது வருத்தம் இல்லை, பிள்ளையின் மூளை வேறு விதமாக வேலை செய்வது. மாற்றுகிற மருந்து என்று ஒன்றும் இல்லை. பழக்கப் பழக்கப் பிள்ளை தன் அளவில் முன்னுக்கு வரும், வருசக் கணக்கில் ஆகலாம் என்றாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. வருசக் கணக்கு என்று சொல்வதற்கு எதற்கு வீடியோ? பாதியில் தள்ளிவிட்டேன்.

தள்ளத் தள்ள வந்தது. ஒருவர், தடுப்பூசியால் வந்தது என்றார். நான்தானே அவனைத் தூக்கிக்கொண்டு ஊசி போடப் போனேன்! இன்னொருவர், உம்மா வயிற்றில் சுமக்கும்போது போன் பார்த்ததால் வந்தது என்றார். ஒருவர் குடல் புழு என்றார். ஒருவர் ஜின் என்றே சொன்னார். ஒவ்வொருவரும் ஒரு குற்றவாளியைக் காட்டினார்கள். அதன் பிறகு வந்தவள் ஒரு பெண், நல்ல வடிவாக உடுத்தவள். பெற்றவள் வேலைக்குப் போய், வயதுபோன ஆட்களிடம் விட்டு வளர்த்த பிள்ளைகளுக்குத்தான் இது வருகிறது என்றாள். வயதுபோன ஆட்கள் பிள்ளையோடு கதைப்பதில்லையாம். அதனால் பிள்ளையின் மூளை காய்ந்து போகிறதாம்.

போன் என் கையிலிருந்து மடியில் விழுந்தது. விழுந்தும் அவள் கதைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் அவனோடு கதைக்கவில்லையா? நினைத்துப் பார்த்தேன். அடுப்படியில் நிற்கும்போது அவன் பாட்டில் விளையாட விட்டிருக்கிறேன். தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வாய்க்குள்ளே ஓதியிருக்கிறேன். முதல் ஏழு பேரை வளர்க்கும்போது வீடு நிறைய ஆள், சத்தம். இவனுக்கு நான் ஒருத்தி, அதுவும் களைத்துப்போன ஒருத்தி. காலையிலிருந்து பகல் மட்டும் இந்த வீட்டில் எத்தனை சொல் விழுந்திருக்கும்? எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது. மகள் இந்த வீடியோவைப் பார்த்துவிட்டால்?

அடுத்த நாள்தான் போனில் ஒரு மனிதர் வந்தார். வெள்ளைக் கோட்டு. கழுத்தில் டொக்டர்மார் போடுகிற குழாய். வாயைத் திறந்ததும் சலாம் சொன்னார். ஹம்து சலவாத்துச் சொன்னார். மற்ற எவரும் அப்படித் தொடங்கவில்லை. சலாம் சொல்லித் தொடங்குகிறவர் பொய் சொல்வாரா என்று என் நெஞ்சு அங்கேயே பாதி இளகிவிட்டது. பிள்ளையைக் கெடுப்பது பாலும், பாண் சுடுகிற கோதுமை மாவும்தான் என்றார். இரண்டும் வயிற்றுக்குள் நஞ்சாகி மூளைக்கு ஏறுகிறது. இரண்டையும் நாற்பது நாள் நிறுத்தினால் பிள்ளை கதைப்பான். ஐந்து வயது முடிந்தால் மூளையின் கதவு பூட்டப்பட்டுவிடும், அதன் பிறகு யாராலும் திறக்க ஏலாது.

நாற்பது நாள். பிள்ளை பெற்றால் நாங்கள் நாற்பது பார்க்கிறவர்கள். மௌத்தான வீட்டிலும் நாற்பது ஓதுகிறவர்கள். நாற்பது என்றதும் எனக்கு அது எங்கள் கணக்காகப் பட்டது. பூட்டப் போகிற கதவுக்கோ ஆறு மாதம்தான் இருந்தது.

அன்றைக்குப் பகல் மகள் வந்ததும் அந்த வீடியோவை மட்டும் காட்டினேன். வயதுபோன ஆட்களைக் குற்றம் சொன்னதைக் காட்டவில்லை. அவள் நின்றபடியே பார்த்தாள். தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றவில்லை.

"கிளினிக்ல இப்பிடி ஒண்டும் சொல்லல்லயே உம்மா."

"அவங்க எல்லாத்தையும் சொல்லுவாங்களா?"

"பாணும் பாலும் இல்லாட்டி இவன் என்னத்தத் தின்ற?"

"பசிச்சாத் தின்னுவான். உங்க ஏழு பேரையும் நான் பால வாங்கியா வளத்த? கஞ்சிதானே ஊத்தின."

"அடுத்த கிளினிக் மூணு கிழமையில இரிக்கி. கேட்டுட்டுச் செய்வமே."

"மூணு கிழமையா? கதவு பூட்டிரும் எண்டு அவர் சொன்னது கேக்கல்லயா மகள்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை விசயத்தில் நான் சொல்லி நடக்காதது அவளுக்கு நினைவில்லை. சரி என்றாள். ஒரு கிழமை, ஏழு நாள் மட்டும், பார்ப்போம் என்றாள்.

முதல் நாள் காலை பாண் ஓட்டோ வந்தது. தெரு முனையில் மெட்டுக் கேட்டதுமே பிள்ளை கேற்றுக்கு ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டான், கை அடித்தான், முணுமுணுத்தான். நான் கேற்றைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன்.

"கட்டப் பாண் ரெண்டு எடுக்கிறதா உம்மா?" என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

"வேணாம் மகன். இனி இந்த வாசல்ல நிப்பாட்டாதீங்க."

"என்னத்துக்கு? பாண் சரியில்லயா?"

"பாண் சரிதான். போங்க."

ஓட்டோ போனது. பிள்ளை கம்பியை விடவில்லை. மெட்டு தேய்ந்து தேய்ந்து காதுக்கு எட்டாமல் போகும் மட்டும் நின்றான். பிறகு தானாக அந்த மெட்டைப் போட்டான், என் முகத்தைப் பார்க்காமல், கம்பியைப் பார்த்துப் போட்டான். அன்றைக்கு எத்தனை தரம் போட்டான் என்று தெரியாது.

கஞ்சி வைத்தேன். தேங்காய்ப்பால் விட்டு வைத்தேன். வாழைப்பழம் பிசைந்தேன். மீனை முள் எடுத்துப் பொரித்தேன். எதையும் கிட்டக் கொண்டுபோக விடவில்லை. வாயில் வைத்ததைத் துப்பினான். தண்ணீர் மட்டும் கொஞ்சம் குடித்தான். இரண்டாம் நாள் மகள் அழத் தொடங்கினாள். நான் வீடியோவைத் திரும்பப் போட்டேன். அந்த மனிதர் அதற்கும் பதில் வைத்திருந்தார். தொடக்கத்தில் பிள்ளை சாப்பிட மாட்டான், சோர்ந்து போவான், அதுதான் நஞ்சு வெளியேறுகிற அடையாளம், தாயின் மனம் இளகினால் எல்லாம் வீண் என்றார்.

இதை நன்றாகக் கேளுங்கள். பிள்ளை நன்றாக இருந்தால் அவர் சொன்னது சரி. பிள்ளை மோசமானாலும் அவர் சொன்னது சரி. அன்றைக்கு எனக்கு இது விளங்கவில்லை. பிள்ளை வாடுவதைப் பார்த்து, "நஞ்சு போகுது மகள், சபூர் செய்" என்று நான்தான் அவளைத் தேற்றினேன்.

மூன்றாம் நாள் மெட்டுக் குறைந்தது. நாலாம் நாள் காலை ஓட்டோ எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. பிள்ளை கேற்றுக்குப் போகவில்லை. கூடத்துச் சீமெந்துத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தான். ஓட்டோவின் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தான், மூடிக்கொண்டான். முணுமுணுக்கவில்லை.

வீட்டில் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. அடுப்பில் இருந்ததை விட்டுவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். காற்சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இரவு போட்டது அப்படியே காய்ந்திருந்தது, மூத்திரம் போகவே இல்லை. உதட்டில் தோல் வெடித்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளின இடம் கிள்ளினபடியே நின்றது. அதைக் கண்டதும் எனக்கு வெளிச்சம் வந்தது. முதல் மௌத்தான பிள்ளைக்குக் கடைசியில் இப்படித்தான் நின்றது. வயிற்றோட்டம் அது. ஐம்பது வருசத்துக்கு முந்திய அந்தத் தோலை என் விரல் மறக்கவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். பாதத்தில் செருப்பு இல்லை, தலையில் முக்காடு நிற்கவில்லை. கேற்றுப் பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில் இருப்பதை மறந்து கேற்றை உலுக்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "சாவி உங்கட இடுப்பில கிடக்குகா! இடுப்பில!" அவளுடைய மகன்தான் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். வழி முழுக்கப் பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். மூச்சுச் சூடு பட்டது. சில நேரம் படவில்லை என்று தோன்றும், விரலை மாற்றி வைப்பேன். யா அல்லாஹ், என் பெருமையை எடுத்துக்கொள், இவனை விடு என்று கேட்டேன். வேறு ஓதல் ஒன்றும் வாயில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்திச் சேலைன் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அவன் கத்தவில்லை. கத்து மகன், கத்து என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். டொக்டர்ப் பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

"எத்தின நாளாச் சாப்பிடல்ல?"

"நாலு நாள்."

"காய்ச்சலா? சத்தி எடுத்தானா?"

அந்த இடத்தில் ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. மகளும் அப்போதுதான் பள்ளிக்கூடச் சாரியோடு ஓடி வந்து என் பின்னால் நின்றாள்.

"காய்ச்சல் இல்ல," என்றேன். "நான்தான் சாப்பாட்ட நிப்பாட்டின. போன்ல ஒரு டொக்டர் சொன்னார் எண்டு நிப்பாட்டின."

டொக்டர்ப் பிள்ளை ஏசவில்லை. எழுதினாள். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள், பிள்ளை பாணைப் பாலில் தோய்த்துத் தின்னத் தொடங்கிய பிறகு, கிளினிக்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். கதைக்காத பிள்ளைகளைக் கதைக்கப் பழக்குகிறவள், சொறிக்கல்முனைப் பக்கத்துப் பிள்ளை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உம்மா, அந்த வீடியோவ எனக்கும் ஒருக்காக் காட்டுங்க."

காட்டினேன். முழுக்கப் பார்த்தாள்.

"இவர் எந்த ஆஸ்பத்திரி, எங்க படிச்சவர் எண்டு எங்கயாவது சொல்றாரா?"

"வெள்ளக் கோட்டுப் போட்டிரிக்கார்தானே."

"கோட்டு எண்டா கல்முனச் சந்தையிலயும் வாங்கலாம் உம்மா." அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கடைசி மட்டும் பாத்தீங்களா?"

கடைசியில் எழுத்துத்தானே ஓடும். நான் கூட்டி வாசிக்கிறதுக்குள் எழுத்து ஓடிவிடும். அவள் நிப்பாட்டி நிப்பாட்டி வாசித்துக் காட்டினாள். இது வைத்திய ஆலோசனை இல்லை, டொக்டரைக் கேட்டுச் செய்யுங்கள் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே அவர் விற்கிற போத்தலின் படம். அதற்கும் கீழே போன் நம்பர். வாயால் சொன்னது எல்லாம் எனக்கு. எழுத்தில் போட்டது எல்லாம் அவரைக் காப்பாற்ற.

சில பிள்ளைகளுக்குப் பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அதை நாங்கள் சோதித்துச் சொல்வோம், ஆனால் பாலையும் பாணையும் நிறுத்தி ஆட்டிசத்தை மாற்ற ஏலாது என்றாள். கதவு பூட்டுவது என்று ஒன்றும் இல்லை. சின்ன வயதில் தொடங்கினால் நல்லது, எந்த வயதிலும் பிள்ளை படிக்கும் என்றாள். தடுப்பூசியால் வருவதில்லை என்று இரண்டு தரம் சொன்னாள். நான் முதலில் பார்த்துத் தள்ளிவிட்ட அந்தப் படம் வைத்த பெண்பிள்ளையின் வீடியோவைப் போனில் தேடிக் காட்டினேன். "இதுதான் சரியான கதை," என்றாள். நாற்பது நாள் என்று சொல்லாததால் நான் தள்ளிவிட்டது.

மகள் மருந்தெடுக்கப் போன நேரம் பார்த்து, நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"மகள், ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லணும். வளத்தவளால இது வருமா? கதைக்காம வளத்தா வருமா?"

அவள் என் கையைப் பிடித்தாள். "வராது உம்மா. யாரு வளத்தாலும் இவன் இப்பிடித்தான் இருந்திருப்பான். பாண் வேணும் எண்டா மெட்டுப் போடுறான் எண்டு சொன்னீங்களே. அதக் கண்டுபிடிச்சது ஆரு?"

"நான்தான்."

"அதுவும் கதைக்கிறதுதான். அதிலயிருந்துதான் நாங்க தொடங்கப் போறம்."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆனால் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் அந்த வெள்ளைக் கோட்டு நின்றது. நான் கேட்கவில்லை, தானாக வந்து நின்றது. தள்ளினால் புழு, அதைத் தள்ளினால் ஜின். ஒரு தரம் பயந்தவளை அந்தப் போனுக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது. மகள் அதையெல்லாம் அழித்துத் தந்தாள். இப்போது ஓதல் மட்டும்தான் கேட்கிறேன்.

இது நடந்து எட்டு மாதம். பிள்ளை கிழமைக்கு இரண்டு நாள் கிளினிக்குக்குப் போகிறான். படத்தைத் தொட்டுக் காட்டித் தண்ணீர் கேட்கிறான். ஐந்து வயதும் முடிந்துவிட்டது.

நேற்று, திங்கட்கிழமை, பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் கூப்பிட்டாள். அவளுடைய மகளைப் பாலமுனையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு மகள், மூன்று வயது, கதையில்லை.

"அவங்களும் நாப்பது நாள் தொடங்கப் போறாங்களாம்கா. வெள்ளிக்கிழம, நல்ல நாள்தானே. அந்த வெள்ளக் கோட்டு டொக்டர்தான்."

மதிலைப் பிடித்துக்கொண்டேன்.

"புள்ளே, நாலாம் நாள் நீங்க எல்லாரும் கண்டீங்கதானே! உன்ட மகன்தானே ஓட்டோ ஓட்டின!"

"நானும் சொல்லிப் பாத்த. உங்கட பேரன் முதல்லயே நோஞ்சான்தானே, அதுதான் தாங்கல்லயாம். டொக்டர் சொல்றதவிட உங்களுக்குத் தெரியுமா எண்டு கேக்கிறாள்."

அந்த மகளுக்குப் போன் எடுத்துத் தரச் சொல்லி நானே கதைத்தேன். ஓம் பெரியம்மா, ஓம் பெரியம்மா என்றாள். அந்த ஓமை எனக்குத் தெரியும். என் மகளிடம் நான் எத்தனையோ தரம் சொன்ன ஓம் அது. காது கேட்கும், நெஞ்சு வேறு இடத்தில் நிற்கும்.

பாலமுனைக்கு வியாழக்கிழமை நானே போகிறேன். ஆனால் என் வாயை நம்பிப் போக ஏலாது. அங்கே போனால் அழுவேன், பயத்தில் ஒன்றைக் கூட்டிச் சொல்வேன், அவள் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் பொய் என்பாள். வீடியோவாக எடுத்து அனுப்புவோம் என்று என் மூத்த மகளின் மகள் சொன்னாள். வேண்டாம் என்றேன். ஒரு வீடியோவை அடுத்த வீடியோ வந்து மூடிவிடும். பாலமுனைப் பிள்ளை படித்தவள், வாசிப்பாள். அதனால்தான் இதை எழுத்தில் வைக்கச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள், எழுதும்போது என் கதையைப் புத்தகக் கதையாக்கிக்கொண்டு எழுதுகிறாள். ஆக்கட்டும்.

டின் மூடியை விட்டுவிடவா உம்மம்மா, சிரிப்பார்கள் என்று கேட்டாள். விடாதே என்றேன். சின்னக் காக்காவைப் பற்றிச் சொன்ன பொய்யையும் விடாதே என்றேன். நல்லதை மட்டும் சொன்னால் நானும் அந்த வெள்ளைக் கோட்டைப் போலத்தான்.

சரி மகள், பேனையை வை. முதல்லயிருந்து வாசி. ஓடி வாசிக்காத, எனக்கு எழுத்து ஓடினாப் பிடிக்க ஏலாது. எங்கயாவது நான் நடக்காத ஒண்டச் சேத்திருந்தா கையத் தூக்குவன், அந்த இடத்த வெட்டு. வாசி.